பதினோரு படிகள் தெரியும் வீடு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் யாராவது ஒருவருக்கு ஏரிக்கரைச் சரிவில் வீடு இருக்கும். காலையில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியின் கறுப்புத் தொட்டி தெரியும். அதற்குள்ளும் தண்ணீர்தான். ஆனால்—

போன மார்ச்சில் ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் போகிற பஸ்ஸில் இருந்தேன். இரண்டு பக்கமும் காய்ந்த மானாவாரிக் காடு. திடீரென்று ஓரிடத்தில் நிலமே இல்லை. வெள்ளைப் பாறைச் சுவர்கள் செங்குத்தாக இறங்கின. அடியில் மயில்கழுத்து நிறத்தில், அசையாத தண்ணீர். யாரோ தோண்டிக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரி. ஒன்பது நொடிதான் தெரிந்தது. கண்டக்டர் சில்லறை கேட்டது என் காதில் விழவில்லை.

அதன் கரையில் ஒரு வீட்டை வைத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘செலினா தண்ணீரைப் பார்த்தபடி வளர்ந்தவள்.’ பொய். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் வளர்வதில்லை.

இரண்டாவது: ‘பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த பெனின், அம்மாவிடம் சொல்லாமல் குவாரிக் கரையில் நிலம் வாங்கினான்.’ இது நின்றது.

பெனின் அண்ணன். செலினா தங்கை, ராஜபாளையத்தில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிற வேலை. அம்மா தேவகிருபை அதே குவாரியில் பதினெட்டு வருஷம் கல் சுமந்தவள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் குவாரியை மூடினார்கள், ஊற்றை இறைத்துக்கொண்டிருந்த மோட்டாரையும் நிறுத்தினார்கள். பள்ளம் தானாக நிரம்பியது. அதன்பின் தேவகிருபை அந்தப் பக்கம் போனதே இல்லை. அவள் கல் சுமந்த இடத்திலேயே அவளுக்கு ஒரு வீடு என்பது பெனினின் கனவு. அவனுக்கு அது மரியாதை. அவளுக்கு அது என்ன என்று அவன் கேட்கவில்லை.

[நானும் கேட்கவில்லை. பொறாமையில் எழுதுகிறவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.]

3

பாறை அடுக்கடுக்காக இறங்குகிறது. அகலமான இரண்டாவது அடுக்கில் வீடு. சாலைப் பக்கம் வாசல். எல்லா அறைகளும் தண்ணீரைப் பார்க்கின்றன. வீட்டிலிருந்து தண்ணீருக்கு எப்படி இறங்குவது என்பது மட்டும் செலினாவுக்குப் பிடிபடவில்லை. எட்டு வரைபடங்கள் போட்டாள். எட்டிலும் படிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது.

[இங்கே செலினா மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லா ஜன்னலையும் தண்ணீர்ப் பக்கம் திருப்பியது அவளா, நானா?]

4

கட்டுவதற்கு முன் வீட்டை முழு அளவில் தரையில் போட்டுப் பார்ப்பார்கள். சுண்ணாம்புப் பொடிக் கோடு என்றால் சுவர். கோட்டில் இடைவெளி என்றால் வாசல். சீனிச்சாமி கொத்தனார் கடைசி மூலையைப் போட்டுக்கொண்டிருந்தபோது பெனின் அம்மாவை பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். காலையில்தான் செலினாவிடம் சொல்லியிருந்தான்: “அம்மா வரமாட்டேன்னுட்டா இந்த வீடே வேண்டாம்ட்டி. யாருக்குக் கட்ட?”

தேவகிருபை பாறைச் சரிவில் நிதானமாக இறங்கி வந்தாள். பள்ளத்தைப் பார்க்கவில்லை. கோடுகளைப் பார்த்தாள்.

“என்னலே இது, கபடிக்குக் கோடு போட்டுருக்கீக?”

“ஒன் வீடும்மா.”

“யக்கா, பாத்து வாங்க. சொவரு இருக்கு, முட்டிக்கிடாதீக” என்றார் சீனிச்சாமி.

“ஒன் சொவருதான தம்பி? முட்டுனா அதுதான் விழும்.”

சொன்னவள், பொடிக்கோட்டின் இடைவெளிக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

[இதை நான் யோசித்து எழுதவில்லை. எழுதி முடித்த பிறகு, மேஜைக்கு அடியில் என் செருப்பையும் கழற்றினேன்.]

சுவர்களை மிதிக்காமல், வாசல்கள் வழியாகவே நடந்து அடுப்படிக்கு வந்தாள். “இங்க நின்னு சமைச்சா தண்ணி தெரியும்மா” என்றாள் செலினா.

அப்போதுதான் தேவகிருபை தலையை நிமிர்த்தினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நூத்தி நாப்பது படி” என்றாள். “பதினொன்னுதான் மேல நிக்கி.”

சீமைக்கருவேலப் புதருக்கு நடுவே, பாறையில் வெட்டிய படிகள். செலினா எட்டு முறையும் வெறும் பாறை என்று குறித்த இடம். ஒவ்வொன்றும் நடுவில் குழிந்திருந்தது. பதினோராவது படியின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. அதற்கடுத்தது பச்சையாகத் தெரிந்தது. அதற்கும் அடுத்தது தெரியவில்லை.

“இதுல ஏறியாம்மா கல்லு சுமந்தீக எல்லாரும்?” என்றாள் செலினா.

“பொறவு? பறந்தா வந்தோம்? கடேசிப் படிக்கிட்ட, சொவரு நெழல்ல ஒன்னையப் படுக்கப் போடுவேன். வெயிலு ஏற ஏற நெழலு சுருங்கும். ஒவ்வொரு நடைக்கும் இறங்கி வந்து ஒன்னைய ஒரு மொழம் நகத்திப் போட்டுட்டு, அடுத்த கல்லத் தூக்குவேன்.”

“அந்தத் தண்ணிக்கு அடியிலயா?”

“அப்ப ஏதுட்டி தண்ணி? நீ போன ஒண்ணுக்குதான்.”

சீனிச்சாமி சிரித்துவிட்டார். செலினா சிரிக்கவில்லை. நூற்று இருபத்தொன்பது படி ஆழத்தில், முழம் முழமாக நகர்ந்துகொண்டிருந்த தன்னை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருப்பியாம்மா இங்க?” பெனினின் குரல் பட்டாளக்காரன் குரலாக இல்லை.

5

முடிவு அ: ‘“மாட்டேன்லே” என்றாள் தேவகிருபை. நிலத்தை விற்றார்கள்.’ எழுதினேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றியவள் அப்படிச் சொல்வாளா?

முடிவு ஆ: ‘அவள் கண்களில் நீர் ததும்ப—’ வேண்டாம். தண்ணீர் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

6

உண்மையில் நடந்தது இது. தேவகிருபை சீனிச்சாமியின் சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி பொடி அள்ளினாள். அடுப்படியின் தண்ணீர்ப் பக்கம், பிடிபடாத படிக்கட்டுக்காக செலினா ஆறடிக்கு விட்டிருந்த இடைவெளிக்கு வந்து குனிந்தாள்.

குறுக்கே ஒரு கோடு போட்டால் அது சுவர். வீடு பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும், அவள் இருப்பாளா என்பது தெரியாது. முன்னால் இரண்டு கோடு இழுத்தால் அது பாதை, முதல் படியைப் போய்த் தொடும். செலினாவுக்குக் கிடைக்காத படிக்கட்டு கிடைத்துவிடும். இரண்டையும் எழுதிக் கிழித்தேன். நான் ஒன்பது நொடி பார்த்தவள். அவள் தலையில் கல்லோடு நூற்று நாற்பது படி ஏறியவள்.

கோட்டை நீங்கள் போடுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: செருப்பு சாலைப் பக்கத்து வாசலில் கிடக்கிறது. எந்தக் கோட்டைப் போட்டாலும், அதை எடுக்க அவள் அந்த வீட்டுக்குள் ஒரு தடவை நடந்தாக வேண்டும். சுவரைத் தாண்டிப் போகிறவள் இல்லை அவள்.