அமீனா வீட்டு ஆமைத் தொட்டி

...இந்தக் கல் இன்னும் இரண்டு விரற்கடை உயர வேண்டும், அப்போதுதான் என் ஆமை வாதி ஏறி உட்கார்ந்து முதுகைக் காயவைக்கலாம், கழுத்தை நீட்டினால் சுவரடியில் இருக்கிற தூம்பும் கண்ணில் படும், அது கண்ணில் படாவிட்டால் நான் மூன்று மாதம் மண் சுமந்ததும் சுண்ணாம்பு குழைத்ததும் எதற்காக... கடியாரம் இரண்டு அடித்துவிட்டது, மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்கு மெஞ்ஞானபுரத்துப் பெண்வீட்டுக்காரர்கள் வருகிறார்கள், மாப்பிள்ளை வீடு பார்க்க. சுவருக்கு அந்தப் பக்கம் வேதநாயகம் வீட்டில் காலையிலிருந்தே கூடத்தைக் கழுவுகிறார்கள், கழுவட்டும், நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவட்டும், வைகாசி வெயிலில் ஆமை ஈரம் இருக்கிற இடத்தைத் தேடித்தான் போகும், என் ஆமைக்கு அவர்களே வழி போட்டுக் கொடுக்கிறார்கள். மழைத்தண்ணீர் இரண்டு வளவுக்கும் பொதுவாக ஓடுவதற்கு மண்சுவரில் விட்ட ஓட்டைதான் தூம்பு, ஒரு சோற்றுப்பானை வாய் அகலம் இருக்கும். வாதி தாராளமாகப் போகலாம், நூல் பிடித்து முதுகை அளந்து பார்த்துவிட்டேன். அளக்காமல் நான் எந்தக் காரியமும் செய்ததில்லை. டில்லி தர்பார் நடந்த வருஷம் பென்ஷன் வாங்குகிற வரைக்கும் இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டு அமீனா, வாரண்டும் கையுமாக ஊரார் வீட்டுக்குள் புகுந்து நாற்காலி, பெட்டி, கடியாரம் என்று ஒவ்வொன்றாக எழுதி ஜப்தி செய்தவன், இந்தத் தேவசிகாமணிக்கு ஓர் ஆமை முதுகு அளக்கத் தெரியாதா.

அப்படி என்னதான் சொல்லிவிட்டார் வேதநாயகம்? கேட்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் நிற்கிற நேரம், என் மகள் ஜெபராணியை அவர் மகன் கிருபைராஜுக்குக் கட்டலாமே என்று போதகர்தான் பேச்சை எடுத்தார், நான் எடுக்கச் சொல்லவில்லை, சத்தியமாக நான் சொல்லவில்லை. இந்த மனுஷன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாவ. அமீனா மவளே குடித்தனம் பண்ண வந்தா அந்த வீடு என்னவே ஆகும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பத்துப் பேரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. பெண்கள் பக்கத்து வாசலிலிருந்து ஜெபராணி அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள், கையில் பாட்டுப் புத்தகம், அவள் காதில் விழுந்தது, நடை ஒரு கணம் நின்றதே, நான் பார்த்தேனே... அழுதிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, "அப்பா, சாப்பிட வாங்க" என்றாள், அவ்வளவுதான். தாயில்லாப் பிள்ளை, இருபத்திரண்டு வயது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியாரம்மா, அவளுக்கு என்ன குறை? அவள் யார் வீட்டுக்குள் புகுந்து எதைத் தூக்கினாள்? பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பூனைக்கும் பல்லிக்கும் பயப்படுகிறவன் கிறிஸ்தவனே இல்லை என்று ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவர் இதே வேதநாயகம்தான். ஊருக்குத்தான் உபதேசம். சரி வே, பூனைக்கும் பல்லிக்கும் பயப்படமாட்டீர், ஆமைக்குப் பயப்படுவீரா பார்த்துவிடுவோம் என்று அன்றைக்குச் சாயங்காலமே ஆற்றுக்குப் போய்விட்டேன்.

வண்ணாரப்பேட்டைக்குக் கீழே ஆற்றில் வலை போடுகிற சுடலைக்கண்ணு, ஆமை வேண்டும் என்றதும் வலையைக் கீழே போட்டுவிட்டான். "வேண்டாம்யா, வீட்டுக்கு ஆகாது" என்றான். "ஏலே, நானே அமீனா, எனக்கு என்னலே ஆகாது" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அந்தச் சிரிப்பு என்னைச் சுடவில்லை, ஏனோ. மூன்றாம் நாள் ஈரச்சாக்கில் இரண்டு காராமைகளைக் கொண்டுவந்தான், பெரியதுக்கு வாதி என்றும் சின்னதுக்குப் பிரதிவாதி என்றும் பெயர் வைத்தேன், கோர்ட்டுப் புத்தி எங்கே போகும். நான் இரண்டையும் அண்டாவில் போட்டுத் தண்ணீரை நிறைத்தேன், அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யா, இது மீனா? மூச்சு விடணும், வெயில் காயணும். எந்நேரமும் தண்ணிக்குள்ளயே கெடந்தா ஓடு ஊறி அழுகிப்போவும்" என்றான். அழுகிச் செத்துப்போனால் என் காரியம் என்ன ஆவது? பழிவாங்கப் போகிற ஆமை திடகாத்திரமாக இருக்க வேண்டாமா? அதற்குப் பிறகுதான் இந்தத் தொட்டி, சுவரை ஒட்டி, பாதி வெயிலிலும் பாதி பூவரசு நிழலிலுமாக, ஒரு பக்கம் முழங்கால் ஆழம், மறுபக்கம் கணுக்கால் ஆழம், நடுவில் ஏறிக் காய்வதற்குக் கல், ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பானை, அடியில் ஆற்று மணல். சுற்றிலும் கரையை உயர்த்தி உள்பக்கமாக மடக்கிக் கட்டினேன், ஏறி ஓடிவிடக்கூடாது, தூம்புப் பக்கம் மட்டும் சரிவு, அந்தச் சரிவை மறித்து ஒரு பலகைக்கல். சுண்ணாம்பு பூசிய தொட்டியில் உடனே விட்டால் தோல் வெந்துபோகுமாம், தண்ணீரை நிறைத்து நிறைத்துக் கொட்ட வேண்டும், பத்து நாள், பதினைந்து நாள். பத்தாம் நாள் இரண்டு கெண்டைக்குஞ்சு விட்டுப் பார்த்தேன், விடிந்து பார்த்தால் இரண்டும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கெல்லாம் சோறு இறங்காமல் போகுமா ஒரு அமீனாவுக்கு? இருபதாம் நாள் விட்ட குஞ்சுகள் பிழைத்தன. அதற்குப் பிறகுதான் வாதியும் பிரதிவாதியும் தொட்டிக்குள் இறங்கினார்கள். சோறு போடக்கூடாது, தண்ணீர் நாறிவிடும், நத்தை, மண்புழு, வள்ளைக்கீரை, மூன்று நாளைக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றல், அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்து என் கத்தரிச்செடி காய்த்துத் தள்ளுகிறது. ஆமையும் அமீனாவும் ஒரே வீட்டில் இருந்து மூன்று மாதம், எங்கேயாவது ஒரு ஓடு பிரிந்ததா? போய்ச் சொல்லுங்கள் அந்த வேதநாயகத்திடம்.

ஜெபராணிக்கு இது ஒன்றும் தெரியாது, அப்பா பென்ஷன் வாங்கிப் பொழுது போகாமல் ஆமை வளர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேங்காய்நாரை எடுத்துப் பானைப்பாசியைத் தேய்க்கிறாள், பிரதிவாதி அவள் கையிலிருந்து கீரையைப் பிடுங்கித் தின்கிறது, என்னைக் கண்டால் தலையை இழுத்துக்கொள்ளும். இன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, மத்தியானம் சோறு போடும்போது சொன்னாள், "அப்பா, அந்தப் பலகைக்கல்ல நல்லா அண்டக்கொடுத்து வைங்க. பக்கத்து வீட்டுக்கு ஆளுக வாராவ, ஆமை அங்கன போயிட்டா அடிச்சே கொன்னுபோடுவாவ." ஆட்டும்மா என்றேன். பொய். பெற்ற மகளிடம் சோற்றில் கைவைத்துக்கொண்டு பொய். அடிப்பார்களா? அடிக்கமாட்டார்கள், கண்டவுடன் அலறி ஓடுவார்கள், மெஞ்ஞானபுரத்துக்காரர்கள் காரணம் சொல்லாமல் வண்டி பூட்டிப் போவார்கள், அந்த மனுஷன் வாசலில் நின்று முழிப்பார், அதை இந்தச் சுவருக்கு மேலே எக்கி நின்று நான் பார்ப்பேன், அதற்காகத்தானே... சட்டப்படிதான் எல்லாம். சூரியன் உதிக்குமுன்னேயும் மறைந்த பின்னேயும் நான் ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை, வெளிக்கதவை உடைத்ததில்லை, உடுத்த துணியையும் சமைக்கிற பானையையும் தொட்டதில்லை. என் ஆமையும் பட்டப்பகலில் திறந்த கதவு வழியாகத்தான் போகும். வில்வண்டிச் சத்தம் கேட்கிறது, மாட்டுச் சலங்கை, "வாங்க, வாங்க" என்று வேதநாயகத்தின் குரல், அந்தக் குரலில்தான் எத்தனை தேன். ஜெபராணி உள்ளே பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். நான் பலகைக்கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

வாதி உடனே கிளம்பிவிடவில்லை, கல்மேல் இருந்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தது, போயேன், போ, உனக்காக எத்தனை குடம் தண்ணீர் சுமந்திருப்பேன், நன்றி வேண்டாமா... ஒரு காலை எடுத்து வைத்தது, நின்றது, அடுத்த காலை வைத்தது. இவ்வளவு பையவா ஒரு பழி போகும்! அந்தப் பக்கம் ஜெபம் ஆரம்பித்துவிட்டது, அவர் ஜெபம் சீக்கிரம் முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான். வாதி சரிவில் இறங்கி, தூம்புக்குள் தலையைவிட்டு, முதுகு ஒருமுறை மண்ணில் உரசி, போய்விட்டது. எக்கிப் பார்த்தேன். கூடத்திலிருந்து வழிந்த தண்ணீர் முற்றத்தில் ஒரு கோடாகக் கிடந்தது, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, நான் நினைத்தபடியே, ஒரு விரல் பிசகாமல், படியில்லாத அந்தப் பக்கவாசலை நோக்கி... என் நெஞ்சு அடித்துக்கொண்டது, மகிழ்ச்சிதான், மகிழ்ச்சியில்லாமல் வேறென்ன, ஆனால் வெயில் எப்படிக் கொளுத்துகிறது, ஓடு சுடுமே, காலையில் இரண்டு நத்தைதானே தின்றது, வாசலுக்குள் கருப்பாக நுழைந்து மறைந்தது. ஆமென் என்றார்கள். பிறகு ஒரு பொம்பிளைக் குரல், "அய்யய்யோ, ஆமை! ஆமை!" நாற்காலிகள் கரகரவென்று இழுபட்டன, சிரிடா தேவசிகாமணி, இதுக்குத்தானே காத்திருந்தாய், சிரி என்று நான் வாயைத் திறக்கப்போகிற நேரம் வேதநாயகத்தின் குரல் கேட்டது, "கம்ப எடுலே, தலையப் பாத்துப் போடு, கொடு, என் கையில கொடு!" அடிச்சே கொன்னுபோடுவாவ. தலையைப் பார்த்து. கல்மேல் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு வெயில் காயுமே, அந்தத் தலை... செருப்பில்லை, மேல்துண்டில்லை, கையெல்லாம் பாசி, நான் வாசலைத் தாண்டி, தெருவைச் சுற்றி, அவர்கள் வெளிவாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தேன்.

"அடிக்காதேயும் வே! என் பிள்ளை வே அது, அடிக்காதேயும்!" என்று கத்தியது நான்தானா? குனிந்து வாதியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், தலை, கால் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் ஓடாகக் கிடந்தது, அடி விழவில்லை, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், விழவில்லை. நிமிர்ந்தபோதுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. ஆமையும் புகுந்தாயிற்று, அமீனாவும் புகுந்தாயிற்று. பழக்கதோஷம், கண் தானாக ஓடியது, சுவர்க்கடியாரம் ஒன்று, தேக்கு பெஞ்சு ஒன்று, பிரம்பு நாற்காலி ஆறு... எழுதக் காகிதம் இல்லை. வாரண்டு இல்லாமல் நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததே கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, ஒரு கல்யாணத்துக்கோ ஒரு சாவுத் துட்டிக்கோகூட என்னை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை, பந்தலோடு சரி. வேதநாயகம் கையில் கம்போடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார், முகம் வெளுத்திருந்தது, பயம், அசல் பயம், மூன்று மாதமாக நான் கனவு கண்ட பயம். நல்லா வேணும் வே உமக்கு என்று நினைத்தேன். ஆனால் ஆமையைத்தான் நான் எடுத்துவிட்டேனே, நெஞ்சோடு மூடிக்கொண்டேனே, இன்னும் ஏன் அந்தப் பயம் போகவில்லை? அவர் ஆமையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஞ்ஞானபுரத்துப் பெரியவர் என் மேல் படாமல் அங்கவஸ்திரத்தை இழுத்துக்கொண்டார். இந்த முகத்தை நான் எத்தனை நூறு வீட்டில் பார்த்திருக்கிறேன், காகிதத்தைப் பார்த்து வருகிற முகம் என்று நினைத்தேனே, கோர்ட்டு முத்திரையைப் பார்த்து வருகிறது, எனக்கென்ன வந்தது என்று இருந்தேனே... வேதநாயகத்தின் பெண்சாதி பாக்கியவதிதான், பாவம், "உக்காருங்க அண்ணாச்சி" என்று ஒரு நாற்காலியைக் காட்டினாள், அவள் குரலும் நடுங்கியது. உட்காருவதா, போவதா? இந்த மாதிரி நேரத்தில் மனுஷர்கள் என்ன செய்வார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபராணியின் குரல், "அப்பா! அப்பா! தூம்பு தெறந்து கெடக்கு, வாதியக் காணும்!" இந்த வீட்டுச் சத்தம் அங்கே கேட்டிருக்கும், அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பிறகு சுவருக்கு வெகு பக்கத்திலிருந்து, பைய, அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்ட அதே குரலில், "அப்பா, வீட்டுக்கு வாங்க" என்றாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தெருவில், கோயிலில், பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாய்மார்களிடத்தில்... இந்த முகத்தை அவள் எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? எந்த வயசில் பார்க்க ஆரம்பித்தாள்? ஒரு நாளாவது வீட்டில் வந்து சொன்னாளா? நான் ஒரு நாளாவது கேட்டேனா? வாதி ஒரு காலை வெளியே நீட்டி என் உள்ளங்கையைப் பிறாண்டியது. நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.