எல்லோரும் திறந்து வைத்த கோப்புறை

மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் கோப்புறையை மூடுவது குற்றமாகக் கருதப்பட்டது. பொதுச் சர்வரில் லட்சக்கணக்கான படங்கள் ஒரே கோப்புறையில் கிடந்தன. மூடிவிட்டு மீண்டும் திறந்தால், பட்டியல் வருவதற்குள் காப்பி ஆறிவிடும். ஆகவே ஒவ்வொரு மேசையிலும் அது நாள் முழுதும் திறந்தே இருந்தது.

அன்று ஸ்கேன் எடுப்பவரின் கணினி தானாக அணைந்து எழுந்தது; கோப்புறையும் மூடிப்போனது. அந்நேரம் பார்த்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒரு முதியவரின் பழைய படத்தைக் கேட்டார். அது வராவிட்டால், காலையிலிருந்து பட்டினி கிடக்கும் அவருக்குச் சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போகும். கோப்பின் பெயர் தெரிந்தால் நேராகத் திறக்கலாம். ஆனால் இயந்திரம் பெயராக இடும் நீண்ட எண்ணை யாரும் குறித்துவைப்பதில்லை. மற்ற மேசைகளில் புதிய படங்கள் மட்டும் தெரிந்தன; பழையவற்றுக்கு நகர்த்தினால் திரை உறைந்தது.

ஸ்கேன் எடுப்பவர், சர்வரைப் பராமரிக்கும் தன் தங்கையை அழைத்தார்.

"எல்லாரும் ஃபோல்டரை மூடுங்க," என்றாள் அவள், வாசலில் நின்றபடியே.

"மூடிட்டு? மறுபடி நீ வந்து திறந்து தருவியா?" என்றார் பதிவு மேசைக்காரர். "என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு காத்திருந்ததில்லம்மா."

"திறந்து வச்சிருக்கிறதாலதான் அண்ணா திறக்க மாட்டேங்குது. புதுசா ஒரு படம் வந்தா போதும், உங்க எல்லா திரையும் மொத்த லிஸ்டையும் திரும்பக் கேக்குது. சர்வர் யாருக்குன்னு பதில் சொல்லும்?"

அவர், ஸ்கேன் எடுக்கும் அவளுடைய அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். மனமில்லாமல் ஒவ்வொருவராக மூடினார்கள்.

அக்காவின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"டிவி ரிமோட்டைச் சரி பண்றேன்னு பிரிச்சுப் போட்ட ஆளு நீ," என்றார் அக்கா, கண்ணை எடுக்காமல். "உன்னை நம்பி எல்லாரையும் மூட வச்சிருக்கேன்டி. மானத்தை வாங்கிடாதே."

தங்கை தன் மடிக்கணினியைத் திறந்தாள். கோப்புறையை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று சர்வரில் பார்த்தாள். ஒரே ஒரு பெயர் எஞ்சியிருந்தது: அவளுடையது. தாமதத்தின் காரணத்தைக் கண்டறியப் போன வாரம் அவளே எழுதிய நிரல், படங்களை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்ததும் முதலிலிருந்து தொடங்கியது.

அதை நிறுத்தினாள். பட்டியல் விரிந்தது. அக்கா தேதியை வைத்துப் படத்தைத் தேடியெடுத்து அறுவை அரங்குக்கு அனுப்பினார்.

"என்ன பண்ணே?"

"ஒருத்தர் மட்டும் மூடாம இருந்தாங்க. மூட வச்சுட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

பதிவு மேசைக்காரர் சிரிப்பை அடக்க முயலவில்லை. தொலைபேசி ஒலித்தது, அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார்.

"பெரியவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார். பிறகு தங்கையின் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளினார். "உக்காரு. மாசத்துக்கு ஒரு ஃபோல்டரா பிரிச்சு வச்சுட்டு அப்புறம் எழுந்திரு."