வெள்ளாங்குளத்து மாடுகள் வந்து சேருமுன்

1

நாளை காலை வெள்ளாங்குளத்துச் சிங்கராசாவின் மாடுகள் பெரியமடுவில் உள்ள எங்கள் மேய்ச்சல் தரவைக்கு வந்துவிடும். அதற்குள் இந்தக் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இல்லை.

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: 'எங்கள் மேய்ச்சல் தரவை மழை கண்டு பச்சைப் பசேலென்று…' [வெட்டிவிட்டேன். அந்தப் பச்சையை நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன்.]

2

வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மழை விழுந்து வயல் விதைத்துவிட்டால் வெள்ளாங்குளத்து மாடுகளுக்கு அங்கே நிற்க இடமில்லை. தரவை பச்சை பிடித்ததும் நாங்கள் 'வாங்கோ' என்று சொல்லி அனுப்புவோம். அறுவடை வரை இங்கேதான் மேயும். வாப்பா காலத்திலிருந்து சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்ததில்லை. இம்முறையும் சொல்லிவிட்டேன்.

3

நஸ்லியா என்ற பாத்திரத்தில்தான் சந்தேகம். என் தம்பியின் மகள், விவசாயக் கந்தோரில் வேலை. இப்படி முகத்துக்கு நேரே பேசுகிறவளை வாசகர் ஏற்பாரா? சற்று அடக்கமாக எழுதிப் பார்த்தேன், கதை நகரவில்லை. ஆகவே நடந்தபடியே:

இன்று பின்னேரம் ஒரு புல்லைப் பிடுங்கி, அடித்தண்டைக் கத்தியால் பிளந்து என் கையில் வைத்தாள். உள்ளே வற்றிச் சப்பையாக இருந்தது.*

"பெரியவாப்பா, சேர்த்து வைச்சதைச் செலவழிச்சுத்தான் இது பச்சை காட்டுது. இப்ப மாடு கடிச்சா, திரும்பத் துளிர்க்க உள்ளுக்கு ஒண்டுமில்லை."

இலைகள் நன்றாக விரிந்து மறுபடி சேர்க்கும்வரை பொறுக்க வேண்டுமாம். [எத்தனை நாள் என்று கேட்டேன். மழையிட்டக் கேளுங்கோ என்றாள். பெரியவரிடம் பேசுகிற பேச்சா?]

* இந்தப் புல் தன் உணவை அடித்தண்டில்தான் பெரும்பாலும் சேர்த்து வைக்குமாம். போன வறட்சியில் மாடுகள் அதையே மண்ணோடு கரம்பிவிட்டன.

4

ஒரு முடிவு: படலையைத் திறக்கிறேன். சொல் நிற்கிறது. அடுத்த மழைக்குத் தரவையில் முள்தான் முளைக்கும். பிறகு 'வாங்கோ' என்று யாரை, எதற்குக் கூப்பிடுவது?

இன்னொன்று: படலையில் நின்று மறிக்கிறேன். சிங்கராசா சண்டை பிடிக்கமாட்டார், அதுதான் பயம். சரியென்று தலையாட்டி, விதைத்த வயல்களுக்கு நடுவே பசித்த மாடுகளைத் திருப்பிக்கொண்டு… [இதை முடிக்க முடியவில்லை.]

பாதியை வேலியடைக்கலாம் என்றும் எழுதினேன். [விடிவதற்குள் யார் அடைப்பது?]

5

எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சிங்கராசா. பின்னால் மாட்டுமணிச் சத்தம்.

"வெளிக்கிட்டாச்சு ஹாஜியார். புல்லு நல்லாத்தானே நிக்குது?"

நஸ்லியா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் காத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்த எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். இந்தாருங்கள், தொலைபேசி. நீங்களே பேசுங்கள். ஆனால் ஒன்று: அவர் காதில் அது எங்கள் குடும்பத்தின் குரலாகத்தான் விழும்.