இறக்கையின் வெள்ளைக் கரை

...பறந்தால்தான் தெரியும், உட்கார்ந்திருக்கும் வரை எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது, உள்ளான் பறவையிடம் இருக்கும் வம்பே அதுதான், இதோ எட்டடி தூரத்தில் அறுத்த நெல் தாளுக்கும் சேற்றுக்கும் நடுவே அப்பிக்கொண்டு கிடக்கிறது, முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள், முகத்தைவிட நீளமான மூக்கு, கோரை உள்ளானும் இப்படித்தான், ஊசிவால் உள்ளானும் இப்படித்தான், எழும்பும் அந்த ஒரு நொடியில் இறக்கையின் பின்விளிம்பில் வேட்டிக் கரை மாதிரி வெள்ளை ஓடினால் கோரை, ஓடாவிட்டால் ஊசிவால், அவ்வளவுதான் சங்கதி, அந்த ஒரு நொடிக்காகப் பெரம்பலூரில் முதல் பஸ் பிடித்து, அரியலூரில் மாறி, கீழப்பழுவூரில் இறங்கி, ஆட்டோ பேசி, கரைவெட்டி ஏரிக்குப் பின்னால் இந்த வரப்பில் குந்தியிருக்கிறேன், நெஞ்சு படபடக்கிறது, நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவனுக்கு ஒரு பறவையைப் பார்த்து நெஞ்சு படபடக்கலாமா, படபடக்கிறதே, என்ன செய்ய...

மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இதே தை மாதம், இதே வரப்பு, ஆனால் அன்று ஜெயசித்ரா கூட இருந்தார், திருமானூர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், முத்து முத்தான கையெழுத்து... பறவைக் கணக்கெடுப்பில் இரண்டு பேர் ஒரு ஜோடி, ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் குனிந்து எழுத வேண்டும், சொல்கிறவர் கண்ணை எடுக்கக் கூடாது, எழுதுகிறவர் தலையைத் தூக்கக் கூடாது, அதுவரை ஐந்து வருஷமாக நான் சொல்கிறவன், அவர் எழுதுகிறவர், எங்கள் ஜோடியின் நோட்டைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள், அன்று காலடியிலிருந்து ஒன்று விருட்டென்று எழும்பியது, ஊசிவால் என்றேன், பேனா நகரவில்லை. "வெள்ளை ஓடுச்சுங்க பரணி சார், நல்லா பாத்தேன்" என்றார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் அல்லவா, அங்கேயே விட்டிருக்கலாம், விட்டேனா, மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த இருபது பேருக்கு முன்னால் கேட்டேன், "குனிஞ்சு எழுதிட்டு இருந்தவங்களுக்கு எப்படிங்க தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார், நோட்டில் ஊசிவால் உள்ளான் ஒன்று என்று அதே அழகான கையெழுத்தில் எழுதி என்னிடம் நீட்டினார், அதற்குப் பிறகு வரவே இல்லை.

வருகிற ஞாயிறு மறுபடியும் கணக்கெடுப்பு, முந்தாநாள் போன் செய்து வாங்க என்று கூப்பிட்டேன், "நீங்க சொல்றத எழுத நான் எதுக்குங்க சார், போன்லயே பதிஞ்சுக்குங்க" என்று வைத்துவிட்டார், எனக்கும் ரோஷம், அப்படியே செய்துகொண்டிருக்கிறேன், சட்டைப் பையில் போன் என் குரலைப் பதிந்துகொண்டிருக்கிறது, மடையான் பதினொன்று, நாரை நான்கு... இது மட்டும் ஊசிவாலாக இருந்துவிட்டால் போதும், பாருங்க, இந்த வயலில் ஊசிவால் உண்டு என்று அனுப்பி வைப்பேன், அனுப்பினால் வந்துவிடுவாரா, வரமாட்டார், பிறகு எதற்கு அனுப்ப வேண்டும், தெரியவில்லை, ஆனாலும் ஊசிவாலாக இருக்க வேண்டும்.

"என்னங்க சார், எதையாச்சும் தொலச்சிட்டீங்களா?" வயல்காரர் கொளஞ்சியப்பன், தோளில் மண்வெட்டி, நேரே இந்தப் பக்கமாக வருகிறார், ஐயோ, கையை ஆட்டி நில்லுங்க நில்லுங்க என்கிறேன், உள்ளான் என்று உதட்டை மட்டும் அசைக்கிறேன். "உள்ளானுக்கா இந்தப் பாடு? எழுதுற அம்மா வரலீங்களா?" இவருக்குக்கூட அவர் ஞாபகம் இருக்கிறதா... "மடைய அடைக்கணுங்க, தண்ணி வீணா போவுது" என்று இன்னும் ஓர் எட்டு வைக்கிறார், தாளுக்குள் அந்தக் கண் உருள்கிறது, இப்போது, இப்போது...

வெள்ளை! பளிச்சென்று வெள்ளை, இரண்டு இறக்கையிலும் கரை போட்டது போல, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, ஏரிக்கரை மேலே ஏறிப் போய்விட்டது, கோரை, சந்தேகமே இல்லை, எனக்கு வேண்டாத பறவைதான், ஆனாலும் சிரிப்பு தாங்கவில்லை, கொளஞ்சியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அவர் பயந்துபோய் மடைப்பக்கம் நகர்ந்தார். அப்புறம் மெதுவாகக் கணக்குப் போட்டேன், இன்றைய பறவை கோரை என்றால் அன்றைய பறவையும் கோரையாகிவிடுமா, ஆகாது, அது வேறு இது வேறு, என் பதிவை யாரும் அசைக்க முடியாது, அப்பாடா. நோட்டில் ஏற்றுவதற்காகப் போனை எடுத்துக் கடைசி நிமிஷத்தை ஓடவிட்டேன், கொளஞ்சியப்பன் குரல், மடை, தண்ணி, அடுத்து என் குரல், தெளிவாக, "ஊசிவால்", அதற்குப் பிறகுதான் இறக்கை அடிக்கும் சத்தம், அதற்கும் பிறகு "வெள்ளை". நான் எங்கே சொன்னேன், சொன்னதாக ஞாபகமே இல்லையே, மறுபடி ஓடவிட்டேன், பெயர்தான் முதலில், இறக்கை பிறகுதான், கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பாதே என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான், அப்படியானால் அன்றைக்கு... அன்றைக்கு அந்தப் பறவையை நான் பார்த்தேனா?

வெட்கம் பாதி, இன்னும் அடங்காத அந்தப் படபடப்பு பாதி, யோசித்தால் செய்யமாட்டேன் என்று யோசிக்காமல் அழைத்துவிட்டேன். "சொல்லுங்க சார்." எல்லாவற்றையும் சொன்னேன், போனில் கேட்டதையும் சொன்னேன், அன்று கேட்ட கேள்விக்கு மன்னிப்பு என்றேன், ஞாயிற்றுக்கிழமை நீங்க பார்த்துச் சொல்லுங்க, நான் எழுதுறேன் என்றேன். அந்தப் பக்கம் தபால் முத்திரை குத்தும் சத்தம் நின்றது. "நாள் பூரா குனிஞ்சே இருக்க உங்களால முடியுங்களா சார்?" முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன், தலைக்கு மேலே எதுவோ கீச்சென்று கடந்தது, அதற்குள் அண்ணாந்துவிட்டேன், வாயில் ஒரு பெயர் வந்து நின்றது.