மனமுவந்து கொடுத்தோம்

காகிதத்தில் மொத்தம் நான்கு வரிகள். மடத்து வரவேற்பறையில் எங்களை உட்காரவைத்து, கண்ணாடி போட்ட ஓர் இளம் சிஸ்டர் அதை என் கையில் கொடுத்தார். "ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கங்க ஐயா. பூசையில மைக் முன்னாடி படிக்கணும்."

அக்கா கன்னியாஸ்திரியாகி ஐம்பது வருஷம். அவளோடு இன்னும் மூன்று பேருக்கும் பொன்விழா. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வார்த்தைப்பாடு என்கிற துறவு உறுதிமொழியைப் புதுப்பிக்கும் முன்பு, அவரவர் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆகவே தம்பி, தங்கை, அண்ணன் மகன் என்று யாராவது.

முதல் வரியில் நான் இன்னாருடைய தம்பி. இரண்டாவதில் ஆண்டவருக்கு நன்றி. மூன்றாவது வரி, "எங்கள் வீட்டுப் பிள்ளையை மனமுவந்து ஆண்டவருக்குக் கொடுத்தோம்." நான்காவதில் ஆமென்.

மூன்றாவது வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"எழுத்துக் கூட்டத் தெரியலையா?" என்றாள் என் மனைவி.

"தெரியுது."

"அப்ப படிச்சிட்டு வாங்க. வம்பு பண்ணாதீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷியத் திட்டுறதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

"கொடுக்காததைக் கொடுத்தேன்னு எப்படிடி படிக்கிறது?"

"என்னையும்தான் எங்கப்பா மனமுவந்து கொடுத்தாரு. உங்களுக்குப் பதிலா கடவுளுக்குக் கொடுத்திருந்தா நானும் இப்படி ஃபேனுக்குக் கீழ இருந்திருப்பேன்."

அவளுக்கு எல்லாமே வேடிக்கை.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. அப்பா இல்லை. அவள் நூல் மில்லுக்குப் போய்த்தான் அடுப்பு எரிந்தது. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் பதினான்கு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அக்காவையும் காணோம், அவள் தகரப்பெட்டியையும் காணோம். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாடா" என்றாள். மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு ஊரார் சொல்லித்தான் தெரிந்தது.

மறுவாரம் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்கப் போனேன். போவதற்கு முன்னால் அம்மாவைத் துடைத்துத் துணி மாற்ற வேண்டும். முதல் தடவை இரண்டு பேருமே கண்ணை மூடிக்கொண்டோம். பிறகு பழகிவிட்டது. பதினொரு வருஷம் செய்தேன். நடுவில் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து வெளியூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றார் ஒரு டிரைவர். அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "அவதான் ஓடிட்டா. நீயும் போனா நான் நாறிக் கிடந்து சாகணும்." போகவில்லை. அம்மா செத்ததற்கு அக்கா வரவில்லை. அம்மாவை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதை அடுப்பில் போட்டு வெந்நீர் வைத்துக் குளித்தேன்.

மணி அடித்தது. கோயிலுக்குப் போகும் வழியில் அக்கா நின்றிருந்தாள். கைத்தடி, வெள்ளை உடுப்பு, நரைத்துப்போன புருவம். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"படிப்பியா தம்பி?"

"தெரியல."

"சரி" என்று உள்ளே போனாள்.

ஃபாதர் பிரசங்கத்தில் பற்றறுப்பைப் பற்றிப் பேசினார். வீட்டை, தாயை, கூடப்பிறந்தவர்களை எல்லாம் இந்தச் சகோதரிகள் ஒரே நாளில் உதறிவிட்டு வந்தார்கள் என்றார். உதறிய தூசி யார் மேல் போய் விழுந்தது என்று அவர் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு குடும்பங்கள் படித்து முடித்தன. மூன்றாவதாக நான். அக்கா மெழுகுவர்த்தியோடு பீடத்தருகே நின்றாள். முதல் இரண்டு வரிகளை நன்றாகவே படித்தேன்.

"அடுத்த வரியில கொடுத்தோம்னு போட்டிருக்கு" என்றேன். "நாங்க கொடுக்கல. எங்கம்மாவும் கொடுக்கல, நானும் கொடுக்கல. இவங்களாத்தான் போனாங்க."

மைக் கீச்சிட்டது. யாரோ இருமினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அழுவாள், தலை குனிவாள் என்று நினைத்தேன். பிடித்த மெழுகுவர்த்தி அசையவில்லை. அந்த மடத்துத் தலைவி மதர் எழுந்து வந்து, சிரித்த முகம் மாறாமல் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, குடும்பத்தின் சார்பில் என்று சொல்லி மூன்றாவது வரியை அவரே படித்தார். ஆமென் என்றார்கள் எல்லோரும். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

விருந்துக்கு நிற்காமல் கிளம்பினேன். மனைவி முன்னால் நடந்தாள். கேட் பக்கம் கைத்தடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"சாப்பிட்டுப் போகலாம்ல தம்பி?"

"உனக்குக் கோபமே வராதா?"

"எதுக்கு? உனக்குத் தெரிஞ்சதைச் சொன்ன."

"எனக்குத் தெரிஞ்சதுன்னா?"

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "அன்னைக்குப் பெட்டி கட்டச் சொன்னதே அம்மாதான். படுத்தபடியே இதை எடு, அதை வையின்னாங்க. உங்களை இப்படிப் போட்டுட்டு எப்படிப் போறதுன்னு அழுதேன். இந்த வீட்டிலேருந்து ஒருத்தராவது தப்பிச்சுப் போகணும், போடின்னாங்க."

"பொய் சொல்லாத."

"உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. தெரிஞ்சா நீயும் கிளம்பிடுவியாம். நான் ஓடிப்போனவளா இருந்தாத்தான் நீ நிப்பியாம்."

"சாவுக்கு ஏன் வரல?"

"வந்தா உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருப்பேன்."

"உள்ள வச்சே சொல்லியிருக்கலாமே. என் வாய அடைச்சிருக்கலாம்."

"அத்தனை பேர் முன்னாடி அம்மாவையா?"

"அப்ப எதுக்கு இப்ப மட்டும் சொன்ன?"

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவள்னு ஃபாதர் சொல்றாரு. இதை மட்டும் விட முடியல. பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன், போகல. உன்கிட்டச் சொன்னாத்தான் போகும்னு தோணுச்சு."

"போயிருச்சா?"

கொஞ்சம் யோசித்தாள். "போயிருச்சு தம்பி" என்றாள். அவள் முகம் உண்மையிலேயே லேசாகியிருந்தது. சாப்பாட்டு மணி அடிக்கவும் திரும்பி நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில். ஐம்பது வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டிய ஆள் இல்லாமல் போய்விட்டாள். அவள் இடத்தில் அம்மாவை வைத்துப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவளை, நானே துடைத்துவிட்ட உடம்பை, என்னவென்று திட்டுவது?

"மன்னிப்பாவது கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"யார்கிட்ட?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.