மாமியாரின் மூட்டுவலி மாத்திரை

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி ஓரகத்திகள் இருவரும் பதினோரு வருடமாக ஒரே சமையலறையில் புழங்குகிறார்கள். இரண்டு பேரும் இன்னும் உயிரோடிருப்பதே பெரிய சங்கதி. பெரியவளுக்கு வாய் நீளம், சின்னவளுக்கு ஞாபகம் நீளம். சின்னவளுக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று பெரியவள் கேட்டாள்: “மயக்க ஊசி போட்டுத் தூங்கி எழுந்தா கையில புள்ள. இதுக்குப் பேரு பிரசவமா?” நானும் அங்கே இருந்தேன். பழம் கொண்டு போயிருந்தேன்.

அந்தப் பெரியவள்தான் போன செவ்வாய்க்கிழமை, சின்னவள் நர்ஸாக இருக்கும் தோல் கிளினிக்கில், முகமெல்லாம் மரப்புக் களிம்பும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளுமாகச் சாய்வு நாற்காலியில் கிடந்தாள். நாலு வருடமாக வெளிநாட்டில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. முந்தின வாரம் வீடியோவில் கூப்பிட்டவர், திரையில் தெரிந்த இவள் முகத்தையே பார்த்து, “அம்மா, அவ இல்லையா?” என்று கேட்டுவிட்டார். அப்புறம் வெளிச்சம் சரியில்லை என்று மழுப்பினாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தது மாமியார்தான். மழுப்பல் யாருக்குப் போதும்? நெற்றிக் கோட்டுக்குத் தசையை அசையவிடாத ஊசி, கண்ணுக்குக் கீழே குழியை நிரப்ப ஊசி என்று பெரியவள் முடிவு செய்துவிட்டாள். ஊசியென்றால் அவளுக்கு உயிரே போய்விடும் என்பது வேறு விஷயம்.

நான் தடுப்புத் திரைச்சீலைக்கு இந்தப்புறம். மேலுதட்டோரம் ஒரு மருவை எடுக்கப் போயிருந்தேன். எனக்கும் களிம்பைப் பூசி நாற்பது நிமிடம் உட்காரச் சொல்லியிருந்தார்கள். காது மரக்கவில்லை.

சின்னவள் தொழிலில் கெட்டிக்காரி, அதைச் சொல்லியாக வேண்டும். களிம்பைத் துடைத்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றுவாள். கையில் பிசைய ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பாள். ஊசி இறங்கும் நொடியில் எதையாவது கேட்டு வைப்பாள். பதில் யோசிப்பதற்குள் குத்தி முடிந்திருக்கும்.

“வலிக்குமாடி?” என்றாள் பெரியவள்.

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்க்கா.”

“எனக்கு எறும்பும் ஆகாது. அதான் அத்தையோட மூட்டுவலி மாத்திரைய எடுத்துப் போட்டுட்டேன். நேத்து ராத்திரி ரெண்டு, காலையில ரெண்டு. டாக்டரம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே. இவ்வளவு பயந்தாங்கொள்ளியான்னு நினைப்பாங்க.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரைமணிக்கு முன்னால்தான், அதே மாதிரி மாத்திரை ஒன்றே ஒன்று விழுங்கிவிட்டு வந்த பேங்க்காரம்மாவை இதே சின்னவள் திருப்பி அனுப்பினாள். “ரத்தம் லேசுல உறையாதுங்க. குத்தின இடமெல்லாம் கன்னிப் போயிடும். ஒரு வாரம் கழிச்சு வாங்க,” என்று என் காதுபடச் சொன்னாள்.

திரைக்கு அந்தப்புறம் பனிக்கட்டியைத் தட்டி உதிர்க்கும் சத்தம் கேட்டது. பிறகு தேனில் தோய்த்த குரல் வந்தது. “நீங்க வேண்டாம்னா நான் எதுக்குக்கா சொல்லப் போறேன்?”

டாக்டரம்மா வந்து படிவத்தைப் புரட்டினார். “வலி மாத்திரை எதுவும் எடுக்கலையே?”

“இல்லைன்னு டிக் பண்ணியிருக்காங்க டாக்டர்,” என்றாள் சின்னவள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். உதடு மரத்திருந்தது. மனசும் அப்படியொன்றும் வற்புறுத்தவில்லை.

“மாமா வந்ததும் எங்கே கூட்டிட்டுப் போகச் சொல்லப் போறீங்கக்கா?” என்று சின்னவள் கேட்டாள்.

“கடற்கரைக்கு. நாங்க ரெண்டு பேர் மட்டும். உங்க யாரையும்…”

“முடிஞ்சுதுக்கா.”

பெரியவள் எழுந்து சின்னவளின் கன்னத்தைத் தட்டினாள். “ஒண்ணுமே தெரியலடி. நீ நல்லவ.” பதினோரு வருடத்தில் முதல் தடவை.

புதன்கிழமை கண்ணுக்குக் கீழே நீலம் படர்ந்தது. வியாழன் கத்தரிக்காய் நிறம். வெள்ளிக்கிழமை அது கன்னம்வரை இறங்கி ஓரத்தில் மஞ்சள் கட்டியது. கொழுந்தன், அதாவது சின்னவளின் புருஷன்தான் அடித்துவிட்டான் என்று இரண்டாம் மாடியில் பேச்சு. நான் மறுக்கப் போகவில்லை.

“எப்படி போகும் இது?”

“தானா போயிடும்க்கா. பத்து நாள்.”

“நாளைக்கு வராருடி.”

“ஆமாக்கா.”

சனிக்கிழமை சாயங்காலம், வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனேன். கூடத்தில் பெட்டிகள். பெரியவள் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் அதைக் கழற்றினார்.

“யாரு கை வெச்சது?”

“குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்.”

“ரெண்டு கண்ணும் சமமாவா வழுக்கும்?” என்றபடி அவர் தம்பி பக்கம் திரும்பினார். தம்பி ஓரடி பின்வாங்கினான். “நீயாவது சொல்லும்மா,” என்று சின்னவளிடம் கேட்டார்.

பெரியவள் அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். கெஞ்சல்தான். அவள் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

சின்னவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: “எங்க கிளினிக்குக்கு யார் வந்தாங்க, எங்கெங்க ஊசி போட்டுக்கிட்டாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது மாமா. என் வேலை போயிடும்.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு பெட்டிமேல் உட்கார்ந்து, இருமல் வரும்வரை சிரித்தார். தம்பியும் தப்பித்த நிம்மதியில் சேர்ந்து சிரித்தான். உள்ளேயிருந்து மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

“இந்த வயசுல யாருக்குடி காட்டப் போறே?” என்று கேட்டார் அவர்.

நாலு தெருவுக்குக் கேட்கும் வாய் அவளுடையது. அன்று அவர் கையிலிருந்த கறுப்புக் கண்ணாடிக்குக் கையை மட்டும் நீட்டினாள். அந்த நீலக் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நெற்றி ஊசி அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஒரு கோடுகூட விழவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னார்: “பாருடா, அழறாளாம். மூஞ்சியில ஒண்ணையும் காணோம்.”