எட்டாவது பொத்தான்

நான் ஒரு கணினி இன்டர்பிரெட்டருக்குள் வேலை பார்க்கிறேன். வெளியே யாரோ எழுதி அனுப்பும் நிரலை வரிவரியாக வாசித்து, அந்தந்த வரியை அப்போதே செய்து முடிப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. எபனேசர் கூட்டுவான், கழிப்பான். அவன் கைவைப்பதற்கு முன்னால், விடை, ஒரு எண்ணுக்கென்று எங்களிடம் இருக்கும் எட்டுப் பொத்தானுக்குள் அடங்குமா என்று பார்ப்பது என் வேலை. அடங்காதென்றால் கையைத் தூக்கி, "வழியும் சார்" என்பேன். கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் பாராட்டுகளையும் சட்டைப் பொத்தானில்தான் வைத்திருக்கிறோம். கீழிருந்து ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் ஏழு பொத்தான் பாராட்டுக்கு, கழுத்துப் பொத்தான் மைனஸ் நூற்று இருபத்தெட்டுக்கு. ஏழும் பூட்டியிருந்தால் நூற்று இருபத்தேழு, அதுதான் உச்சம். அதன்மேல் ஒன்று ஏறினால் ஏழும் திறந்து கழுத்து மட்டும் பூட்டிக்கொள்ளும். மைனஸ் நூற்று இருபத்தெட்டு. மைனஸ் ஆனவரின் நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள்.

என் சட்டை பதினோரு வருஷமாகச் சைபர். ஒரு பொத்தான்கூடப் பூட்டியதில்லை. வழியாமல் தடுத்தவனை யார் பாராட்டப் போகிறார்கள்? வழிந்தால்தானே தெரியும். எபனேசர் வந்து இரண்டே வருஷம், ஏழும் பூட்டிவிட்டான். மேலாளர் மேசைக்குப் பக்கத்து நாற்காலியும் அவனுக்குத்தான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைக்காரன். அதுதான் எனக்கு இன்னும் வயிறெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் அவன் முதுகில் தட்டி, "பிரமாதம்ப்பா, ஒண்ணு கூட்டிக்கோ" என்றார். எபனேசர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காதைக் குடைந்தேன்.

அவன் கூட்டினான். ஏழு பொத்தானும் படபடவென்று திறந்தன. அவன் நாற்காலி வெளியே போனது. என் நாற்காலியை இழுத்து அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். அடடா, அங்கே ஃபேன் காற்று என்னமாய் வருகிறது!

"சோதிச்சது யாருய்யா?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்."

"அப்ப உனக்கு ஒண்ணு கழிச்சுக்கோ."

முறைப்படி நானே சோதித்தேன். சைபரில் ஒன்று போனால் மைனஸ் ஒன்று, வழியாது. வாசலில் இருந்தபடியே எபனேசர் கழித்தான். எங்கள் சட்டையில் மைனஸ் ஒன்று என்றால் எட்டும் பூட்ட வேண்டும்; கழுத்தின் மைனஸ் நூற்று இருபத்தெட்டோடு மற்ற ஏழின் நூற்று இருபத்தேழும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். கீழிருந்து கழுத்துவரை எட்டும் பூட்டிக்கொண்டன. அலுவலகத்தில் யாருக்கும் அப்படி வாய்த்ததில்லை. என் நாற்காலியும் வெளியே வந்தது.

எபனேசர் பனியன் தெரிய உட்கார்ந்து என் சட்டையையே பார்த்தான்.

"எட்டுமா அண்ணாச்சி?" என்றான்.

"ஆமாடே, எட்டு."

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு அப்படி ருசித்தது.

மூன்று மணிக்கு மேலாளர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு மேலே பாராட்ட ஆளில்லாததால் அவர் சட்டையும் என்றைக்கும் சைபர்தான். என் கழுத்துப் பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எபனேசர், எனக்கும் ஒண்ணு கழியேன்" என்றார்.

எபனேசர் என் பக்கம் திரும்பினான்.

நான் கையை நன்றாக உயரத் தூக்கினேன்.

"வழியும் சார்."

மேலாளர் தலையாட்டிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.